மூன்றரை மணி நேரக் கூடை

அடுத்த மாதத்திலிருந்து சந்தைக் கடையை நீங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். மேசையை எந்தப் பக்கம் போடுவது, மழை வந்தால் எதை முதலில் மூடுவது, க்யூஆர் அட்டையை எங்கே நிறுத்தினால் வெயில் படாது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன். முப்பத்தொரு வரிகள் வந்தன. டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். எதைப் பார்த்தாலும் வரிசை எண் போடத் தோன்றும்.

விலை போடுவது பற்றி மட்டும் அந்தத் தாளில் ஒன்றும் இல்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். ஆறு வருடம் செய்த வேலையை முப்பத்திரண்டு வயதில் விட்டுப் போகிறேன், ஓசூரில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. போகும்போது மிக முக்கியமான ஒன்றைச் சொல்லித்தர வரவில்லை என்றால் அது உங்களுக்கு நியாயம் இல்லை. அதனால் பட்டியலை விட்டுவிட்டு, நடந்ததைச் சொல்கிறேன். விதி ஏதாவது கிடைத்தால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் விற்பது பட்டைக் கூடை. தொழிற்சாலைகளுக்கு வரும் அட்டைப்பெட்டிகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டை, பெட்டியைப் பிரித்ததும் குப்பைக்குப் போகும். அம்பத்தூரிலும் திருமழிசையிலும் காயலான் கடைகளில் அதை எடைக்கு வாங்குகிறோம். ஐந்து பெண்கள் அவரவர் வீட்டில் பின்னித் தருகிறார்கள். இது உங்களுக்குத் தெரியும். முதல் வருடம் நான் இதற்கு எப்படி விலை போட்டேன் என்பது தெரியாது. பட்டையின் எடைக்கு ஒரு தொகை, வண்டிக்கு ஒரு தொகை, கடை வாடகைக்கு ஒரு தொகை, மேலே கொஞ்சம் கூலி. சின்னக் கூடை எண்பது ரூபாய்க்கு வந்தது. அதையும் அறுபதுக்குக் கேட்டார்கள். நான் ஒவ்வொருவரிடமும் பெருமையாக, "இது முழுக்கக் கழிவுப் பட்டையில் செய்தது" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். பக்கத்துக் கடையில் மரக் கரண்டி விற்றுக்கொண்டிருந்த ஒருவர் இரண்டு நாள் இதைக் கேட்டுவிட்டு, மூன்றாம் நாள் சாமான்களைக் கட்டும்போது சொன்னார்.

"நீ மொதல்ல குப்பைன்ற, அப்பறம் வெல சொல்ற. அவங்க குப்பைக்குத்தான் வெல குடுப்பாங்க. கை வேலைய மொதல்ல சொல்லும்மா."

அவர் பெயரைக் கேட்டுவைக்கவில்லை. மறுபடி எந்தச் சந்தையிலும் பார்க்கவும் இல்லை. ஆனால் அன்றைக்கே பழைய முறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய முறை ஒன்று செய்தேன். கை வேலைக்கு விலை என்றால், கை எவ்வளவு நேரம் வேலை செய்தது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு கூடையோடும் பின்னியவர் ஒரு சீட்டு கட்டி அனுப்ப வேண்டும். சீட்டில் பெயரும் எத்தனை மணி நேரம் ஆனது என்பதும் இருக்கும். மணிக்கு அறுபது ரூபாய் கூலி. அதோடு பட்டைக்கும் வண்டிக்கும் கடைக்குமாக நாற்பது. கூட்டினால் விலை. கூடை விற்றதும் கூலி பின்னியவருக்குப் போகும். மூன்று சந்தைக்குப் போய்வந்தும் விற்காத கூடையை அவிழ்த்துப் பட்டையைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்.

யாராவது நேரத்தைக் கூட்டி எழுதினால் என்ன செய்வது என்றும் யோசித்துவைத்திருந்தேன். ஒரே அளவுக் கூடைக்கு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நேரம் எழுதியிருந்தால் சீட்டில் சிவப்பு வட்டம் போட்டு விசாரிப்பேன். குறைத்து எழுதினால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. தன் கூலியைத் தானே யார் குறைத்து எழுதுவார்கள்?

வெள்ளானூரிலிருந்து வரும் பூங்காவனம் அக்காவின் முதல் சீட்டிலேயே சிவப்பு வட்டம் விழுந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் ஆவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மற்ற நால்வரும் சின்னக் கூடைக்கு மூன்று மணி நேரம், மூன்றேகால் மணி நேரம் என்று எழுதியிருக்க, இவர் ஏழு என்று எழுதியிருந்தார். மாதக் கூட்டத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தொழிற்சாலையில் எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும்தான் கேட்போம். அவர் சிரித்துவிட்டு, "எனக்குக் கை மெதுவும்மா" என்றார். நானும் ஏழு மணி நேரக் கணக்கே போட்டு நானூற்று அறுபது என்று விலை ஒட்டினேன். பக்கத்தில், அந்த நால்வரில் ஒருவரான நசீமா பின்னிய கூடை இருநூற்று இருபது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அக்காவின் கூடைகள் இரண்டும் மூன்று சந்தைக்குப் போய்த் திரும்பி வந்தன. விதிப்படி அவிழ்த்தேன். பட்டையைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவர் சீட்டில் ஐந்து மணி நேரம் என்று இருந்தது. அதற்கடுத்து நான்கரை. பிறகு மூன்றரை. மூன்றரையிலேயே நின்றது.

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பழகப் பழக ஒரு வேலைக்கு ஆகும் நேரம் குறையும் என்பது நான் பாடத்தில் படித்தது. அதை ஒரு வளைகோடாகப் போட்டுக் காட்டுவார்கள். அக்காவின் சீட்டுகளை வரிசையாக வைத்தால் அதே கோடு வந்தது. அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை எல்லோருக்கும் காட்டி அவரைப் பாராட்டினேன். கரையான்சாவடி நசீமா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டார். எங்களில் வேகமான கை அவருடையது. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே ஒரு வருடம் போயிற்று. பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பூந்தமல்லிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் சந்தை. கடையில் என்னோடு உட்காரும் முறை அன்று பூங்காவனம் அக்காவுக்கு. காலையிலேயே அவர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். திருமழிசையில் ஒரு யூனிட்டில் பேக்கிங் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆவடிக்கே வேன் வரும், மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்குகிறார் என்றார். அவருக்குப் போக விருப்பம் இல்லை. கூடையிலேயே அந்த அளவுக்குச் சம்பாதித்துக் காட்டிவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தார். நாம் அதிகமாகப் பின்னினாலே போதும் என்று நான் தைரியம் சொன்னேன்.

பதினோரு மணிக்கு அந்தக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண்மணி வந்தார். கோயம்புத்தூர்க்காரர். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. பக்கத்திலேயே சொந்த வீடு வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தாம்பூலம் வைத்துக் கொடுக்கக் கூடை தேடிக்கொண்டிருந்தார். வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள் என்று உங்களிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். அவர் கை ஒவ்வொரு கூடையின் உள்ளேயும் போய்ச் சுற்றி வந்தது. வளையல் எங்கோ ஒன்றில் மாட்டியது. கடைசியாக ஒன்றில் கை நின்றது.

"இது மட்டும் கீறலைங்க. பட்டுச் சேலைல பட்டாலும் இழுக்காது. இதே மாதிரி நாப்பது கிடைக்குங்களா?"

அது பூங்காவனம் அக்காவின் கூடை. விலை இருநூற்று ஐம்பது. சீட்டைப் பார்த்தேன், மூன்றரை. நாற்பது கூடைக்கு நூற்று நாற்பது மணி நேரம். கையில் இருபது நாள். நாளுக்கு ஏழு மணி நேரம். ஒருவரே செய்துவிடலாம். எனக்கு இந்தக் கணக்குப் போட அரை நிமிடம்கூட ஆகவில்லை. இருந்தாலும் ஒழுங்குக்காக, வாங்குகிறவர் நின்றுகொண்டிருக்கும்போதே திரும்பி, "முடியுமாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பெண்மணியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"முடியும்மா."

முன்பணம் வாங்கிக்கொண்டேன். இங்கே ஒரு தப்பு நடந்தது என்று எனக்கு இப்போது தெரியும். ஒருவரால் முடியுமா என்பதை வாங்குகிறவர் முன்னால் கேட்கக்கூடாது. அங்கே ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் வண்டியில் வரும்போது, இந்தப் பணம் அக்காவின் வீட்டுப் பேச்சை நிறுத்திவிடும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

எட்டாம் நாள் தொலைபேசியில் கேட்டேன். பதினாறு முடிந்திருக்க வேண்டும். பதினொன்று என்றார். பட்டை சரியில்லையா என்றேன். நல்ல பட்டைதான் என்றார். உடம்பு சரியில்லையா, வீட்டில் விசேஷமா, வேறு யாருக்காவது பின்னுகிறீர்களா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். என் பட்டியலில் இருந்த காரணங்கள் தீர்ந்துபோயின. அடுத்த நாள் காலை பஸ் ஏறி வெள்ளானூருக்குப் போனேன்.

அவர் வீட்டு முன்னறையில் முடிந்த கூடைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. புதிதாக ஒன்றை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடியும் சுவரும் பின்ன மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. கை ஒன்றும் மெதுவில்லை. நசீமாவுக்கு ஈடாகத்தான் ஓடியது. அதன் பிறகுதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. பின்னல் முடியும் இடத்தில் எல்லோரும் பட்டையை வெட்டி ஒரு கண்ணுக்குள் செருகிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு முனையையும் மூன்று கண் தள்ளி உள்ளே ஓட்டினார். விரலால் தடவினார். உறுத்தினால் உருவிவிட்டு மறுபடி ஓட்டினார். ஒரு கூடையில் எழுபதுக்கு மேல் முனைகள் இருக்கும். நடுவில் சோறு வடித்தார், குழம்பு வைத்தார், எனக்கும் போட்டார். சாப்பாட்டு நேரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஏழு மணி நேரம்.

மீதம் இருபத்தெட்டு கூடை. பன்னிரண்டு நாள்கூட இல்லை. நாளுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"அக்கா, சீட்டுல மூன்றரைன்னு எழுதறீங்களே" என்றேன்.

அவர் கூடையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "பின்றதுக்கு மூணர மணி. மத்தது நான் எனக்காகப் பண்றது. அத எப்படி எழுதறது?"

"அதுக்கும் நேரம் ஆகுதில்ல?"

"ஏழுன்னு எழுதனேன். நீ அவுத்துக் கையில குடுத்த." கோபமாகச் சொல்லவில்லை. "இருநூத்தி அம்பதுன்னா போவுது. கூடை என் கைய வுட்டுப் போனா போதும், திரும்பி வராம இருந்தா போதும்."

உள்முனையை மற்றவர்கள் மாதிரி விட்டுவிடலாமே என்று கேட்டேன். ஒரு கூடையை அப்படி விட்டுப் பார்த்ததாகவும், அதை இரண்டு நாள் கழித்துப் பிரித்துத் திரும்பப் போட்டதாகவும் சொன்னார். எனக்கு எந்தப் பக்கம் யோசிப்பது என்று புரியவில்லை. ஒரு வருடமாக ஏழு மணி நேர வேலைக்கு மூன்றரை மணி நேரக் கூலி வாங்கியிருக்கிறார். நான் அதை முன்னேற்றம் என்று கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் அவர் பொய் எழுதினார் என்றும் சொல்ல முடியவில்லை. அடுப்பில் சோறு வேகும்போது கை பின்னிக்கொண்டிருந்தால் அது எந்தக் கணக்கு என்று அவர் கேட்டார். உண்மையான எண் என்று ஒன்று இருந்ததா என்பதே எனக்கு இன்றுவரை சந்தேகம்.

திரும்பும் வழியில் கரையான்சாவடியில் இறங்கி நசீமா வீட்டுக்குப் போனேன். பதினைந்து கூடையை அவரிடம் கொடுக்கலாமா என்று ஒரு எண்ணம். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா இன்ஜினியரம்மா, இப்பத்தான் தெரியுமா? எங்க நாலு பேருக்கும் தெரியும். நீ அன்னிக்கு அந்தக் கோடு போட்டுக் காமிச்சியே, எனக்கு சிரிப்ப அடக்கியே வவுறு வலிச்சிச்சி."

"ஏன் சொல்லல?"

"அந்தக்கா சொன்னா நான் சொல்லலாம். அதுவே சொல்லல. நீ சீட்டத்தானே பாக்கற, கூடைய எங்க பாத்த?"

கூடை பின்னித் தர அவர் தயாராகத்தான் இருந்தார். உள்முனையை மட்டும் தன் வழக்கப்படிதான் முடிப்பேன் என்றார். "நாப்பது பேரும் உள்ள கைய வுட்டுப் பாத்துகினா இருக்கப் போறாங்க? மஞ்சளும் வெத்தலையும் போட்டா மூடிக்கும்" என்று யோசனையும் சொன்னார். அந்த யோசனையில் தப்பே இல்லை என்று எனக்கும் ஐந்து நிமிடம் தோன்றியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடியே எனக்கு இருந்த வழிகளை எண்ணினேன். நசீமாவின் கூடைகளைக் கலந்து கொடுத்துவிடலாம். அல்லது முன்பணத்தைத் திருப்பிவிடலாம், அப்படிச் செய்தால் அக்கா பேக்கிங் வேலைக்குப் போவார். அல்லது எதுவும் தெரியாததுபோல இருந்து அக்காவை நாளுக்குப் பதினாறு மணி நேரம் பின்னவிடலாம். கேட்டிருந்தால் அவர் அதையும் முடியும் என்றுதான் சொல்லியிருப்பார். நான்காவதாக, வாங்குகிறவரிடம் போய் உள்ளதைச் சொல்லலாம்.

நான்காவதைச் செய்தேன். அன்றைக்கு அது ஒன்றுதான் நேர்மையாகத் தெரிந்தது.

கோயம்புத்தூர்ப் பெண்மணி வீடு மாற்றும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நசீமாவின் கூடை ஒன்று, பூங்காவனம் அக்காவின் கூடை ஒன்று, இரண்டையும் அவர் முன் வைத்தேன். மணி நேரத்தை எழுதிவைத்து விலை போடும் எங்கள் முறையைச் சொன்னேன். இந்தக் கூடைக்கு ஏழு மணி நேரம் ஆகிறது, பின்னியவர் பாதியைத்தான் எழுதியிருக்கிறார், எனக்கே நேற்றுதான் தெரியும், சரியான விலை நானூற்று அறுபது, நாற்பதை உரிய நாளுக்குள் முடிக்க முடியாது என்றேன். சொன்ன விலையை மாற்றுவது என் தப்பு, பணம் திருப்பி வேண்டுமானாலும் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் இரண்டு கூடையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எங்க ஆபீஸ்ல ரெண்டு நாள் வேலைக்கு அஞ்சு நாள்னு எழுதுவோமுங்க. நானும் எழுதியிருக்கேன். கம்மி பண்ணி எழுதற ஆளை இப்பத்தான் கேள்விப்படறேன்."

அவரே ஒரு வழி சொன்னார். பத்தாயிரம் ரூபாய் என்று ஒதுக்கியாகிவிட்டது, அதை மாற்ற முடியாது. அந்தப் பணத்துக்குச் சரியான விலையில் இந்தக் கூடை எத்தனை வருமோ அத்தனை போதும். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு இதைக் கொடுத்துவிட்டு, குடியிருப்புக்காரர்களுக்கு மஞ்சப்பை வாங்கிக்கொள்கிறேன் என்றார். இருபத்திரண்டு கூடை. நூற்றிருபது ரூபாய் அதிகம்தான், பரவாயில்லை என்றார்.

நான் அன்று வெள்ளானூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினொன்றும் நான் பார்க்கப் பின்னிய ஒன்றும் சேர்ந்து பன்னிரண்டு முடிந்துவிட்டன. மீதி பத்துதான். நாளுக்கு ஒன்று பின்னினாலே உரிய நாளுக்குள் முடிந்துவிடும். வேலை பாதி, பணம் பழைய அளவுக்குக் குறையவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து சரிபார்த்தாலும் சரியாக வந்தது.

அக்கா முழுவதையும் கேட்டார். கையில் இருந்த பட்டையைக் கீழே வைத்தார்.

"என் வேகத்த அவங்ககிட்ட சொன்னியா?"

வேகத்தைப் பற்றிச் சொல்லவில்லை, வேலையின் தரத்தைச் சொன்னேன் என்றேன்.

"ஏழு மணி நேரம்னு சொன்ன. எழுதனது பொய்னும் சொன்ன. அந்தம்மா மூஞ்சியப் பாத்து முடியும்னு சொன்னவ நானு. நாளைக்கு நான் எப்படி அங்க போய் நிப்பேன்?"

விலை கூடியிருக்கிறது, அவர் உங்களைக் குறைவாக நினைக்கவில்லை, பாராட்டினார் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் முகம் இன்னும் மூடிக்கொண்டே போனது. நான் எந்த இடத்தில் தவறினேன் என்று எனக்குப் புரியவில்லை. பொய்யை விட்டுவைத்திருக்க வேண்டுமா? அவர் ஒத்துக்கொண்ட பிறகு போயிருக்க வேண்டுமா? அவரையே கூட்டிப் போய்ப் பேசவிட்டிருக்க வேண்டுமா? கடைசியாகச் சொன்னதுதான் சரி என்று ஒரு நாள் தோன்றும். அவர் வந்திருக்கவே மாட்டார் என்று இன்னொரு நாள் தோன்றும். நீங்கள் வேறு ஏதாவது கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள். ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். ஒருவருடைய வேலை நேரம் அவருடையது. அவரைக் கேட்காமல் அதை வாங்குகிறவரிடம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவருக்கு நல்லது செய்வதாக நினைத்தாலும்.

பத்துக் கூடையையும் ஒரு வாரத்தில் முடித்துக் கொடுத்தார். ஒன்றில்கூடக் குறை இல்லை. கொண்டுபோய்க் கொடுக்க என்னோடு வரச் சொன்னேன், வரவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். நான் மட்டும் போனேன். கூடையை வாங்கிய ஒரு பெரியவர் யார் பின்னியது என்று விசாரித்தபோது பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

மாதக் கடைசியில் அக்காவுக்கு முழுக் கூலியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இந்த ஒரு ஆர்டரில் வந்ததைப் பார்த்தால் வீட்டில் நெருக்க மாட்டார்கள் இல்லையா, பேக்கிங் வேலைக்குப் போக வேண்டாம்தானே என்று கேட்டேன்.

"போறேன்னு சொல்லிட்டேம்மா" என்றார். "அங்க யாரும் ஒரு பொட்டிக்கு எவ்ளோ நேரம் ஆச்சின்னு என்னைக் கேக்க மாட்டாங்க. மணி அடிச்சா உள்ள போவணும், மணி அடிச்சா வெளிய வரணும். அவ்ளோதான்."

எதை நிறுத்த வேண்டும் என்று நான் பாடுபட்டேனோ அது நடந்தது. ஆறு வருடத்தில் எத்தனையோ கூடை விற்காமல் போயிருக்கிறது, மழையில் நனைந்திருக்கிறது, ஒரு மூட்டை பஸ்ஸிலேயே போய்விட்டது. அவற்றையெல்லாம் என்ன செய்திருக்கலாம் என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். இதை முடியாது. அதன் பிறகு சீட்டு முறையை நிறுத்தினேன். இப்போது நாம் கூடும்போது கூடைகளை நடுவில் வைத்து, எல்லோரும் கையை உள்ளே விட்டுப் பார்த்து, பேசி விலை முடிவு செய்கிறோம். சத்தம் அதிகம், நேரமும் அதிகம். அது சரியான முறையா என்று கேட்டால் தெரியாது. நீங்கள் வேறு முறை கொண்டுவரலாம். கொண்டுவருவதற்கு முன்னால் நசீமாவிடம் கேளுங்கள்.

பூங்காவனம் அக்கா வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆவடி சந்தையில் நான் மேசை விரித்துக்கொண்டிருந்தபோது வந்தார். அங்கே அவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. துணிப்பையிலிருந்து ஒரு கூடையை எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளையும் நீலமும் கலந்த சின்னக் கூடை. நான் விலையைப் பற்றிப் பேச்செடுக்கவே பயந்து நின்றேன்.

"அறநூத்தம்பது" என்றார். "கொறைக்காத. போவலன்னா எனக்கே குடுத்துடு, அவுக்காத."

அந்தத் தொகை எப்படி வந்தது என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுப் பார்த்தது. அறுபதால் வகுத்தேன். நாற்பதைக் கழித்துவிட்டு வகுத்தேன். எதிலும் சேரவில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன்.

"எப்படிக்கா அறுநூற்றைம்பது?"

கூடையின் காதைப் பிடித்து ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"நேத்து ராத்திரி முடிச்சிட்டு வெச்சிப் பாத்தேன். ஐநூறுக்குக் குடுக்க மனசு வரல. அறநூறுக்கும் வரல. அறநூத்தம்பதுன்னா குடுத்துடலாம்னு தோணிச்சி. அதான் வெல."

அட்டையில் அறுநூற்று ஐம்பது என்று எழுதி, முன்வரிசையில் வைத்தேன்.